சதுரகிரியில் தங்கிய இரவுகள்

ஆடி அமாவாசை நெருங்கினால் எங்கள் இருக்கன்குடிப் பெரிசுகளிடம் ஒரு பேச்சு கட்டாயம் வரும். "அந்தக் காலத்தில் சதுரகிரியில் மூன்று ராத்திரி தங்கினோம், இப்போது பொழுது சாய்வதற்குள் இறக்கிவிடுகிறார்கள்" என்று. நானும் பல வருஷம் அப்படிப் புலம்பியவன்தான்.

1979-ல் ஆபீஸ் நண்பர்களோடு முதல்முறை ஏறினேன். வத்திராயிருப்பு வந்து, தாணிப்பாறையிலிருந்து நடை. வழுக்குப்பாறை, கோரக்கர் குகை, இரட்டை லிங்கம் என்று நின்று நின்று போய்ச் சுந்தரமகாலிங்கம் சன்னதியை அடைந்தபோது உச்சி வெயில். மடத்தில் சுடச்சுடக் கஞ்சி ஊற்றினார்கள். ராத்திரி சுள்ளி பொறுக்கித் தீ மூட்டி, பாறைமேல் துண்டை விரித்துப் படுத்தோம். காட்டுக்குள் தங்க யாரையாவது கேட்க வேண்டும் என்று எங்களுக்குத் தோன்றவே இல்லை.

வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் 1972-லேயே வந்துவிட்டது. 1988-ல் ஸ்ரீவில்லிபுத்தூர் மலைப்பகுதி சாம்பல் நிற அணில்களுக்கான சரணாலயமானது. அரசாணை, கோப்பு என்றே காலம் தள்ளிய குமாஸ்தா நான். ஆனாலும் அதற்குப் பிறகும் வழக்கம்போலப் போய்த் தங்கினேன். சாமி மலைக்குச் சட்டம் எதற்கு என்ற நினைப்பு. 1992-ல் ஒன்பது வயது மகனைக் கூட்டிப் போனேன். இறங்கும்போது அவன் களைத்துவிட்டான். காய்ந்து கிடந்த ஓடைப் பாறையிலேயே படுக்க வைத்து, விடியும்வரை பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன்.

2015 மே மாதம், அமாவாசைக்குப் போன கூட்டத்தைக் காட்டாறு அடித்தது. பலர் இறந்துபோனார்கள். அந்த மலையின் குணம் அப்படி. செங்குத்துச் சரிவு, பாதி வெறும் பாறை, குறுகலான ஓடை. மேலே கொட்டும் மழை மண்ணில் ஊறாமல் அப்படியே பாயும். கீழே வெயிலில் நடப்பவனுக்கு இரைச்சல் கேட்கும்போதே தண்ணீர் வந்துவிடும். செய்தியைப் பார்த்த அன்று எனக்கு மகன் படுத்திருந்த பாறைதான் கண்ணில் நின்றது.

அதன்பின் அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய சில நாட்கள் மட்டும் அனுமதி என்றானது. மேலே இரவு தங்குவதும் நின்றது. 2021-ல் மேகமலையையும் சேர்த்து, ஆயிரம் சதுர கிலோமீட்டருக்கு மேல் புலிகள் காப்பகம் ஆக்கினார்கள். எழுபதைத் தாண்டியவன் ஒரே நாளில் ஏறி இறங்க முடியாது. எனக்கு மலை அதோடு முடிந்தது. வருத்தம் உண்டு. ஆனால் புலம்புவதை விட்டுவிட்டேன்.

வைப்பாறும் அர்ச்சுனா நதியும் சேருமிடம் என்பதால் நம் ஊருக்கு 'இரு கங்கைக் குடி' என்று பெயர் சொல்வார்கள். நான் பள்ளியில் படித்தது பிரெஞ்சு வழி. ரோன் நதி எங்கே பிறக்கிறது என்று மனப்பாடம். அர்ச்சுனா நதி அந்த மலைச் சரிவுத் தண்ணீர் என்பது சதுரகிரி ஏறிய பிறகுதான் தெரியும்.

இப்போது ஆடி வெள்ளிக்கு மாரியம்மனைக் கும்பிட்டுவிட்டுப் பேரனோடு ஆற்றுக்குள் இறங்குகிறேன். பெரும்பாலும் மணல்தான். மேற்கே கருத்திருந்தால் மட்டும் கரையிலேயே நின்றுகொள்வோம்.