கருணையும் காலதாமதமும்: கிபி கொலை வழக்கு, 1944–1947

குடியேற்ற ஆட்சியில் ஆளுநர் ஒருவர் மரண தண்டனையை மறுபரிசீலனை செய்தார் என்றால், தீர்ப்பில் அவருக்கு ஐயம் எழுந்தது என்றே நாம் எண்ணிக்கொள்கிறோம். இன்று கானா என வழங்கும் கோல்ட் கோஸ்ட்டில் நடந்த கிபி வழக்கு வேறு கதை சொல்கிறது. அங்கு அதிகாரிகள் திரும்பத் திரும்ப எடைபோட்டவை கடந்துபோன காலமும் அரசின் மதிப்பும்தான். குற்றம் நிகழ்ந்ததா என்ற கேள்வி நீதிமன்றத்தோடு முடிந்துவிட்டதாகவே அவர்கள் கருதினர்.

அக்யெம் அபுவாக்வாவின் அரசர் நானா சர் ஒஃபோரி அட்டா 1943 ஆகஸ்டில் மறைந்தார். 1944 பிப்ரவரியில் தலைநகர் கிபியில் அவருக்கான சடங்குகள் நடந்தபோது, அபெத்வா ஊர்த்தலைவர் அக்யேயா மென்சா காணாமற்போனார். மறைந்த அரசரின் புனித இருக்கைக்குக் குருதி பூசவே அவர் பலியிடப்பட்டார் என்றது அரசுத் தரப்பு. அரச மரபினர் எட்டுப் பேருக்கு அவ்வாண்டின் இறுதியில் தூக்குத் தண்டனை விதிக்கப்பட்டது. மேற்கு ஆப்பிரிக்க மேல்முறையீட்டு நீதிமன்றம் அதை உறுதிசெய்தது; பேரரசின் இறுதி மேல்முறையீட்டு அமைப்பான லண்டன் பிரிவி கவுன்சில் மேல்முறையீட்டுக்கு அனுமதி தரவில்லை. ஆயினும் அரசரின் மாற்றாந்தாய்ச் சகோதரரும் வழக்கறிஞருமான ஜே. பி. டான்குவா ஓயவில்லை. மனுமேல் மனுவாகப் போட்டு, இரண்டாண்டுக்கு மேல் தூக்குக் கயிற்றைத் தள்ளிவைத்தார்.

உயிர்ப்பிச்சை தரும் அதிகாரம் பிரிட்டிஷ் மன்னருடையது. குடியேற்றத்தில் அதைச் செலுத்தியவர் ஆளுநர். விசாரித்த நீதிபதியின் அறிக்கையை நிர்வாகக் குழுவின் முன்வைத்து, உறுப்பினர்களின் கருத்தைக் கேட்டு, இறுதியில் தம் மனத்துக்குச் சரியெனப் பட்டபடி அவர் முடிவெடுக்க வேண்டும். லண்டன் அமைச்சர் குறுக்கிடாதிருப்பது மரபு. இந்த ஏற்பாட்டில் ஒரு மனிதரின் நிதானமே கடைசிக் காப்பு. அந்த மனிதர் சர் ஆலன் பர்ன்ஸ். 1946இல் சட்டமன்றத்தில் ஆப்பிரிக்கர்களுக்குப் பெரும்பான்மை தந்த அரசியலமைப்பு அவர் பெயராலேயே அறியப்படுகிறது. அவரைக் கொடியவர் என்று ஒதுக்கிவிட முடியாது. பணமும் குலமும் உள்ளவர்கள் சட்டத்திலிருந்து தப்பிவிடுவார்கள் என்று மக்கள் நம்பிவிடக் கூடாது என்பதே அவர் கவலை.

1947 தொடக்கத்தில் வழக்கு லண்டன் மக்களவைக்குள் புகுந்தது. தூக்குக்கு நாள் குறிப்பதும், கடைசி நேரத்தில் தந்தி வந்து நிறுத்துவதுமாக இருந்த நிலை உறுப்பினர்களைக் கொதிக்கவைத்தது. தூக்குத் தண்டனையை எதிர்த்த தொழிற்கட்சியினரோடு, அதை ஆதரித்த சர்ச்சிலும் குரல் எழுப்பினார். குடியேற்றத் துறை அமைச்சர் கிரீச் ஜோன்ஸ் மரபுக்கும் மக்களவைக்கும் இடையே சிக்கித் தவித்தார். பர்ன்ஸ் பதவி விலகவும் முன்வந்தார். மார்ச்சில் மூவர் தூக்கிலிடப்பட்டனர், மற்றவர்கள் தூக்கிலிடப்படவில்லை.

என் வாதம் இந்த மூவரைப் பற்றியது. எட்டுப் பேரும் ஒரே குற்றத்துக்கு, ஒரே வழக்கில், ஒரே தண்டனை பெற்றவர்கள். தாமதம் கொடுமை என்றால் அந்தக் கொடுமை மூவருக்கும் உரியதே. தாமதம் பொருட்டல்ல என்றால் லண்டன் தயங்கியிருக்க வேண்டியதில்லை. சிலரைத் தூக்கிலிட்டுச் சிலரை விட்டதில் ஆளுநரின் அதிகாரமும் மக்களவையின் மனச்சான்றும் ஒருசேரக் காப்பாற்றப்பட்டன. அதைக் கருணை என்று அழைக்க எனக்கு மனமில்லை. அது இரு அலுவலகங்களுக்கு இடையிலான சமரசம்.

தாமதத்துக்குக் கைதிகளின் வழக்கறிஞர்களே பொறுப்பு என்பது அன்றைய ஆட்சியாளர் பலரின் எண்ணம். தாமதம் பற்றிய கேள்வி பின்னர் நீதிமன்றங்களிலும் எழுந்தது. 1983இல் தமிழ்நாட்டு வழக்கொன்றில் நம் உச்ச நீதிமன்றம், ஈராண்டுக்கு மேற்பட்ட காத்திருப்பே தண்டனையைக் குறைக்கப் போதுமானது என்றது. அதே ஆண்டில் மற்றோர் அமர்வு அந்தக் கால வரம்பை ஏற்கவில்லை. கிபி கைதிகளுக்கு அனுமதி மறுத்த அதே பிரிவி கவுன்சில், 1993இல் ஜமைக்கா வழக்கில் ஐந்தாண்டைக் கடந்த காத்திருப்பு மனிதத்தன்மையற்றது என்றது. மேல்முறையீட்டால் காலம் நீண்டாலும், பழி அதற்கு இடங்கொடுத்த முறைக்கே, கைதிக்கு அல்ல என்றும் தெளிவாக்கியது.

இத்தனை விவாதத்திலும் அபெத்வா ஏறத்தாழக் காணாமற்போனது. தலைவரை இழந்த ஊர் அது. அரசரின் பாதுகாவலுக்குரிய ஊர்களில் ஒன்று. மன்னர் குடும்பத்துக்குச் சட்டம் பொருந்துமா என்று கேட்கும் உரிமை அவ்வூருக்கு இருந்தது. பர்ன்ஸ் அந்தக் கேள்வியைக் காதில் வாங்கினார். ஆனால் தூக்கு மட்டுமே அதற்குப் பதிலாகும் என நினைத்தார். ஆயுள் முழுதும் சிறை என்று எட்டுப் பேருக்கும் 1945இலேயே தண்டனையைக் குறைத்திருந்தால், குற்றத்தீர்ப்பும் நின்றிருக்கும். அபெத்வாவுக்கும் பதில் கிடைத்திருக்கும். மூன்று உயிர்களும் போயிருக்கா.