கடல் வளர்த்த சுவர்

கடலோரத்திற் கட்டடம் எழுப்புவோர்க்குக் கடலே முதற் பகை. உப்புநீர் கொங்கிறீற்றின் நுண்டுளைகளிற் புகுந்து உள்ளிருக்கும் இரும்புக் கம்பியைத் துருப்பிடிக்கச் செய்யும். துரு பருத்துச் சுவரைப் பிளக்கும். ஆயின் இத்தாலியின் நேப்பிள்ஸ் குடாவில், ஏறக்குறைய 2000 ஆண்டுகளுக்கு முன் உரோமர் கட்டிய மீன்குளங்களின் சுவர்கள், நிலந் தாழ்ந்து கடலுள் அமிழ்ந்தும், இன்றும் சிதையாது கிடக்கின்றன.

அஞ்சாளை மீன் வளர்ப்பது அன்றைய உரோமச் செல்வர்க்குப் பெரும் பெருமை. தன் குளத்துக்குக் கடல்நீர் கொணர லூக்குல்லஸ் என்பவன் மலையையே குடைந்தானாம். வெறும் ஆடம்பரமென்று ஒதுக்கிவிடலாம். ஆனால் அதன் பின்னே நுண்ணறிவும் இருந்தது. நீர் ஓயாது மாறுதற்கு வாய்க்கால், மீன் தப்பாதிருக்க வெண்கலக் கிராதி, வெயிலுக்கு ஒதுங்கச் சுவரிற் பொந்துகள் எனக் கி.பி. முதலாம் நூற்றாண்டிற் கொலுமெல்லா விரிவாக எழுதிவைத்தார்.

சுவரின் உறுதிக்குக் காரணம் புற்றியோலி ஊரின் எரிமலைச் சாம்பல். அதனைச் சுண்ணாம்புடன் குழைத்தால் நீருக்கடியிலும் இறுகுமென்பதை விற்றுருவியஸ் அதற்கு முன்னரே குறித்திருந்தார். கலவையில் இரும்பு இல்லை, எனவே துருவுமில்லை. உரோமரின் கடற்சுவர்களிலிருந்து துளைத்தெடுத்த துண்டுகளை ஆராய்ந்தோர் 2017இல் வெளியிட்ட முடிவு இன்னும் வியப்பானது: ஊறிய கடல்நீர் சாம்பலைக் கரைக்க, இடைவெளிகளிற் புதிய பளிங்குகள் வளர்ந்து சுவரைப் பிணைத்திருந்தன. அரிக்க வந்த கடலே கொத்தனாயிற்று!

எனினும் இக்கலவை மெல்லவே இறுகும். இன்றைய சீமெந்தின் வலுவும் இதற்கில்லை. மாடிக் கட்டடத்துக்கு உதவாது. அலையிடை நிற்கும் தடித்த சுவருக்கே பொருந்தும்.