கழுவெளிக்குத் தண்ணீர் வரும் வழி

2008ஆம் ஆண்டு நாடாளுமன்றம் நான்காம் தேசிய நீர்வழியை ஒரு சட்டமாகவே அறிவித்தது. காக்கிநாடாவிலிருந்து புதுச்சேரி வரை நீளும் கால்வாய்களோடு, விழுப்புரம் மாவட்டத்து நீர்நிலை ஒன்றின் பெயரும் அந்தச் சட்டத்தில் இருக்கிறது: கழுவெளி. சரக்குப் படகு போகும் பாதையாக டெல்லி அதைக் கண்டது. பதினாறு ஆண்டுகள் கழித்து, 2024 ஆகஸ்ட் 14 அன்று, அதே கழுவெளி வேறொரு பட்டியலில் இடம்பெற்ற செய்தி வந்தது. உலக அளவில் முக்கியமான ஈரநிலங்களைக் காக்க நாடுகள் கூடிச் செய்துகொண்ட ராம்சார் உடன்படிக்கையின் பட்டியல் அது. திருப்பூர் நஞ்சராயன் குளமும் மத்தியப் பிரதேசத்தின் தவா நீர்த்தேக்கமும் உடன் சேர, இந்தியாவின் ராம்சார் தலங்கள் 85 ஆயின.

ஒரே தண்ணீரை ஒவ்வொரு காலமும் ஒவ்வொரு கண்ணால் பார்த்திருக்கிறது. அந்த வரலாறு திண்டிவனத்திலிருந்தே தொடங்குகிறது.

ஓய்மாநாட்டு மன்னன் நல்லியக்கோடனைப் பாடிய சங்க நூலான சிறுபாணாற்றுப்படை, பாணர்களை எயிற்பட்டினம், வேலூர், ஆமூர் வழியாகக் கிடங்கிலுக்கு அனுப்புகிறது. கிடங்கில் இன்றைய திண்டிவனத்தை ஒட்டிய கிடங்கல். எயிற்பட்டினம் மரக்காணம் என்பதும், நூல் சொல்லும் வேலூர் கழுவெளிக்கு மேற்கேயுள்ள உப்புவேலூர் என்பதும் அறிஞர் பலரின் முடிவு. கி.பி. முதல் நூற்றாண்டில் கிரேக்க வணிகர் ஒருவர் எழுதிவைத்த கடல்வழிக் குறிப்பில் வரும் ‘சோபட்மா’ துறைமுகத்தையும் மரக்காணத்தோடே இணைத்துப் பார்க்கிறார்கள். கடலிலிருந்து கழி, கழியிலிருந்து வெளி, வெளியைக் கடந்தால் வயல் என்று அமைந்த நிலத்தில்தான் அந்தப் பழைய பாதை ஓடியிருக்கிறது.

பிறகு உப்பு. மரக்காணத்தில் பாத்தி கட்டிக் கழிநீரையும் நிலத்தடி உவர்நீரையும் பாய்ச்சுவார்கள். வெயிலில் நீர் சுண்டிப் பாத்தியின் அடியில் வெள்ளை படியும்போது, நீண்ட கொம்பு பூட்டிய மரப்பலகையால் வாரி வரப்போரம் குவிப்பார்கள். வடகிழக்குப் பருவமழை வந்துவிட்டால் வேலை நின்றுபோகும். தை, மாசியில்தான் பாத்திகளை மறுபடி சீர்செய்ய முடியும். 1805இல் கிழக்கிந்தியக் கம்பெனி சென்னை மாகாண உப்பைத் தன் ஏகபோகமாக்கிக்கொண்டது. அதன்பின் கம்பெனியின் அனுமதியில்லாமல் ஒரு பிடி உப்பும் விளையக் கூடாது என்றானது.

விளைந்ததைச் சென்னைக்குக் கொண்டுபோக வழி வேண்டியிருந்தது. 1806இல் பேசில் காக்ரேன் என்பவர் சென்னையிலிருந்து எண்ணூருக்கு வெட்டிய கால்வாய் வடக்கிலும் தெற்கிலும் மெல்ல மெல்ல நீண்டது. 1876–78 தாது வருடப் பஞ்சத்தில், கூலி தேடி வந்த பட்டினி மக்களைக் கொண்டு அடையாற்றையும் கூவத்தையும் இணைத்தார்கள். அப்போதைய ஆளுநர் பக்கிங்காம் கோமகனின் பெயரே கால்வாய்க்கு நிலைத்தது. வெட்டிய கைகளுக்கு அதில் பெயரில்லை. 1882இல் கால்வாய் மரக்காணத்தைத் தொட்டது. உப்பும் விறகும் படகேறின. ரயிலும் லாரியும் வந்து, 1965, 1966 ஆண்டுகளின் புயல்களும் கரையைச் சிதைத்த பிறகு படகுகள் ஓய்ந்தன.

அரசின் கண்ணில் உப்புக்கும் ஓடத்துக்கும் உதவாத மீதி நிலம் புறம்போக்குதான். கோடையில் வறண்டு கிடக்கும் சேற்றுவெளியை ‘சும்மா கிடக்கிற இடம்’ என்று சொல்வது எளிது. ஆனால் அது சும்மா கிடந்ததே இல்லை. முகத்துவாரப் பக்கம் உவர்நீர், உப்புக்கள்ளிக் கழியில் ஏறிவரும் கடல்நீர், தெற்கே மழைக்காலத்தில் நிறையும் நன்னீர் என மூன்று நீரும் ஒரே இடத்தில் கலக்கின்றன. தென்னிந்தியாவின் பெரிய உவர்நீர் ஏரிகளில் இதுவும் ஒன்று. மத்திய ஆசிய வான்வழியில் பறந்து வரும் ஊசிவால் வாத்தும் கருவால் மூக்கனும் மழைமுடிவில் இங்கே இறங்குகின்றன. கருவால் மூக்கன் நேரான நீண்ட அலகைக் கண்வரை சேற்றில் செருகிப் புழுவைத் தேடும். அந்தச் சேறு காய்ந்தாலும், நீர் முழங்காலுக்கு மேல் ஏறினாலும் அதற்கு இரை கிடைக்காது. ஒரு சாண் நீர் மட்டத்தில் அடங்கியிருக்கிறது அதன் குளிர்காலம். ஒரு காலத்தில் பரந்திருந்த அலையாத்திக் காடு இன்று சில திட்டுகளாகச் சுருங்கிவிட்டது.

உலகம் இதை உணர்ந்ததும் தாமதமாகத்தான். ஐரோப்பாவில் சதுப்புகளை வடித்து வயலாக்க, நீர்ப்பறவைகள் குறையத் தொடங்கின. பறவை நாடுகளின் எல்லையைப் பார்த்துப் பறப்பதில்லை. அதனால் 1971 பிப்ரவரி 2 அன்று காஸ்பியன் கடலோரத்து ஈரானிய நகரமான ராம்சாரில் 18 நாடுகள் ஓர் உடன்படிக்கைக்கு வந்தன. இயற்கையானதோ மனிதர் உண்டாக்கியதோ, நிரந்தரமோ தற்காலிகமோ, நன்னீரோ உவர்நீரோ எல்லாமே ஈரநிலம்தான் என்று அது வரையறுத்தது. மனிதப் பயன்பாட்டைத் தடுக்கவில்லை. நிலத்தின் இயல்பு கெடாமல் பயன்படுத்தச் சொன்னது. இந்தியா 1982இல் இணைந்தது. தமிழ்நாட்டின் முதல் தலம் கோடியக்கரை, 2002இல். கழுவெளி 2021 டிசம்பரில் 5,151 ஹெக்டேர் பரப்போடு மாநிலத்தின் 16ஆவது பறவைகள் சரணாலயமாகி, அதன்பின் ராம்சார் தலமுமானது.

பட்டியலில் சேர்ந்தாலே காப்பாற்றப்பட்டதாக ஆகாது. ஒடிசாவின் சிலிக்கா ஏரி இந்தியாவின் முதல் ராம்சார் தலங்களில் ஒன்று. முகத்துவாரம் தூர்ந்து, உப்பு குறைந்து, மீன் அருகியதும், 1993இல் அது ஆபத்திலுள்ள ஈரநிலங்களின் பதிவேட்டில் சேர்க்கப்பட்டது. 2000இல் கடலுக்குப் புது வாய் வெட்டினார்கள். உவர்ப்பும் மீனும் திரும்பின. 2002இல் பதிவேட்டிலிருந்து பெயர் நீங்கியது. கழுவெளியும் சிலிக்காவைப் போல முகத்துவாரத்தை நம்பி வாழ்வதுதான். அதனால்தான் அழகன்குப்பத்திலும் ஆலம்பரையிலும் மீன்பிடித் துறைமுகம் கட்டும் திட்டம் தேசிய பசுமைத் தீர்ப்பாயம் வரை போனது. மீனவர்களுக்குப் படகு நிறுத்த இடம் வேண்டும் என்பது நியாயமான தேவை. கழியின் வாயைக் கெடுக்காத இடத்தில் அது அமைய வேண்டும்.

கடல் பக்கத்து ஆபத்து கண்ணுக்குத் தெரிகிறது. மேற்குப் பக்கத்து ஆபத்தை யாரும் பேசுவதில்லை. கழுவெளியின் நன்னீர் திண்டிவனம், வானூர்ப் பக்கத்து ஏரிகளின் கலங்கல் வழியாக வருகிறது. ஓர் ஏரி நிரம்பி அடுத்த ஏரிக்கு வழிந்து, கடைசியில் வெளியில் வந்து சேரும் நூற்றுக்கும் மேற்பட்ட ஏரிகளின் தொடர் அது. வரத்துக்கால் அடைபட்டு, கரையோரம் மனையாகி, ஆழ்துளைக் கிணறுகள் நிலத்தடி நீரை உறிஞ்சிவிட்டால் கழுவெளிக்கு வருவது குறையும். ஆனால் இந்தியாவின் 2017ஆம் ஆண்டு ஈரநில விதிகள், பாசனத்துக்காகவும் உப்புக்காகவும் மனிதர் அமைத்த நீர்நிலைகளை வரையறையிலிருந்தே விலக்கிவிட்டன. ராம்சார் ஏற்றுக்கொள்ளும் ஏரியையும் உப்பளத்தையும் நம் விதி ஏற்கவில்லை. தமிழ்நாட்டின் ஈரநிலங்களில் பெரும்பாலானவை ஏரிகள்தாம் என்பதை எண்ணினால் இது சிறிய குறையல்ல.

இதற்கு மாறான சான்று வடக்கே அருகிலேயே இருக்கிறது. வேடந்தாங்கல் ஒரு பாசன ஏரி. வெள்ளைச் சிப்பாய்கள் பறவைகளைச் சுட்டபோது ஊரார் முறையிட்டார்கள்; 1790களில் செங்கல்பட்டு கலெக்டராக இருந்த லயனல் பிளேஸ், பறவைகளைக் காக்கும் உரிமையை அவர்களுக்கு எழுதிக் கொடுத்தார். பறவை எச்சம் கலந்த ஏரி நீர் வயலுக்கு உரம் என்பதை அந்த மக்கள் எந்த உடன்படிக்கையும் இல்லாமலே அறிந்திருந்தார்கள்.

ராம்சார் அறிவிப்பு வந்த மூன்றரை மாதத்தில், 2024 நவம்பர் 30 இரவு, பெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தது. திண்டிவனத்தை அடுத்த மயிலத்தில் ஒரே நாளில் 50 செ.மீ.க்கு மேல் மழை கொட்டியது. மரக்காணம் உப்பளங்கள் மூழ்கின. இத்தகைய மழை இனி அடிக்கடி வரலாம் என்று காலநிலை அறிவியல் எச்சரிக்கிறது. அதை வாங்கித் தேக்கி, மெல்ல விடுவதற்கு இந்தப் பகுதியில் இருப்பவை ஏரிகளும் கழுவெளியுமே. அதே 2017 விதிகளில், ஒரு ஈரநிலத்தைப் பாதிக்கக்கூடிய நீர்பிடிப்புப் பகுதியைத் தாக்க மண்டலமாகக் குறிக்க இடமிருக்கிறது. கழுவெளியின் மேலாண்மைத் திட்டத்தில் திண்டிவனம், வானூர் ஏரிகளையும் அவற்றின் வரத்துக்கால்களையும் அந்த மண்டலத்துக்குள் கொண்டுவர வனத்துறையும் நீர்வளத் துறையும் ஒன்றாக உட்கார்ந்தால் போதும். புதிதாக ஒரு சட்டம் தேவையில்லை.