சேலம் மாடர்ன் தியேட்டர்ஸ் படங்களில் பெண்ணின் செயலும் பார்வையின் உரிமையும் (1937–1970)

காணொளி விளையாட்டுகளில் பெண் எவ்வாறு சித்திரிக்கப்படுகிறாள் என்பது இன்று ஊடக ஆய்வில் நிலைபெற்றுவிட்ட வினா. 1981இல் வெளிவந்த டாங்கி காங் விளையாட்டில் பெண் ஒரு குரங்கிடம் சிறைப்பட்டு, ஆண் வந்து மீட்கும்வரை காத்திருப்பவள். 1996இல் வந்த டூம் ரைடரின் நாயகி லாரா கிராஃப்ட் தானே ஓடுகிறாள், தாவுகிறாள், சுடுகிறாள். எனினும் அவளுடைய உடல் ஆண் ஆட்டக்காரரின் கண்ணுக்காகவே வடிக்கப்பட்டது என்ற கண்டனம் எழுந்தது. செயல் யாருடையது, பார்வை யாருடையது என்னும் இவ்விரு வினாக்களும் தமிழ் மண்ணுக்குப் புதியன அல்ல. அவை சேலத்தின் படப்பிடிப்புத் தளம் ஒன்றில் அரைநூற்றாண்டுக்கு முன்பே எழுந்துவிட்டன.

ஏற்காடு மலையடிவாரத்தில் 1935இல் மாடர்ன் தியேட்டர்ஸைத் தொடங்கிய டி.ஆர். சுந்தரம் (1907–1963), இன்றைய நாமக்கல் மாவட்டத்துத் திருச்செங்கோட்டில் பிறந்தவர். இங்கிலாந்தின் லீட்சு நகரில் நெசவுத் தொழில்நுட்பம் பயின்றவர். ஆணும் பெண்ணும் ஓருடலாய் நிற்கும் மாதொருபாகரின் ஊர் அது என்பதிலிருந்து எதையும் வருவித்துக்கொள்ள வேண்டியதில்லை. சுந்தரம் கணக்கறிந்த வணிகர். ஆலை நடத்துவதுபோல் நூற்றுக்கும் மேற்பட்ட படங்களை அந்நிறுவனம் எடுத்தது. சென்னைக்கு வெளியே, கூட்டத்தின் விருப்பத்தை நேராகக் கணித்து இயங்கியது என்பதே அதனை ஆய்வுக்குரிய களமாக்குகிறது.

அதன் முதற்படம் 1937இல் வெளிவந்த சதி அகல்யா. இந்திரனால் வஞ்சிக்கப்பட்டுக் கணவனின் சாபத்தால் கல்லாகி, மற்றோர் ஆணின் காலடியால் உயிர்பெறும் பெண்ணின் கதை அது. செயலற்ற நிலைக்கு இதனினும் துல்லியமான உருவகம் கிடைத்தல் அரிது. ஆனால் அகலிகையாக நடித்தவர் இலங்கையிலிருந்து வந்த கே. தவமணிதேவி. நீச்சலுடையில் எடுக்கப்பட்ட அவருடைய படங்கள் பத்திரிகையாளர் பார்வைக்கு வந்தபோது திரையுலகம் திடுக்கிட்டது. கற்பின் உருவாகத் திரையில் நிற்பவர் தம் உடலைத் தாமே விளம்பரப்படுத்துவதா என்பதே அத்திடுக்கீட்டின் உட்பொருள். அகலிகையின் உடலை மறைந்து நின்று பார்த்தவன் இந்திரன். தவமணிதேவியோ பார்வையைத் தாமே அழைத்தார். முன்னது புராணமாக ஏற்கப்பட்டது, பின்னது அவதூறாயிற்று. கதைமாந்தரை மட்டும் ஆராய்ந்து நடிகையை விட்டுவிடும் ஆய்வுகள் இந்த இடைவெளியைத் தவறவிடுகின்றன.

பதின்மூன்று ஆண்டுகளுக்குப் பின் அதே நிறுவனம் வெளியிட்ட மந்திரி குமாரி (1950) இவ்வரலாற்றின் திருப்புமுனை எனலாம். மு. கருணாநிதியின் நாடகத்தைத் தழுவி அவரே உரையாடல் எழுதிய இப்படத்தை எல்லிஸ் ஆர். டங்கன் இயக்கத் தொடங்கினார். அவர் இந்தியாவை விட்டு வெளியேறிய பின் சுந்தரம் முடித்தார். கதையின் வேர் குண்டலகேசியில் உள்ளது. அக்காப்பியம் மறைந்துவிட்டது, எஞ்சியவை பத்தொன்பது செய்யுட்களே. நீலகேசி உரையும் பாலி மொழிப் பௌத்த மரபும் அதன் கதையைக் காத்துத் தந்தன. வணிகர் மகள் பத்திரை, கொலைக்களத்துக்குக் கொண்டுசெல்லப்படும் கள்வனைக் கண்டு காதலித்து மணக்கிறாள். அவன் பின்னர் அவளைக் கொல்லக் கருதி மலையுச்சிக்கு அழைத்துச் செல்கிறான். சாகுமுன் கணவனை மும்முறை வலம்வர வேண்டும் என்று கேட்டு, பின்னால் வரும்போது அவனைத் தள்ளிவிடுகிறாள்.

திரையில் இச்செயலைச் செய்பவள் மந்திரியின் மகள் அமுதவல்லி, நடித்தவர் மாதுரிதேவி. இளவரசி ஜீவரேகாவாக நடித்தவர் ஜி. சகுந்தலா. பழைய கதை ஒரே பெண்ணைப் பற்றியது, படத்திலோ இருவர். காதலிக்கப்படுபவளும் காக்கப்படுபவளுமாக இளவரசி அமைய, முடிவெடுக்கும் சுமை மந்திரி மகளுக்கு விழுகிறது. தலைப்பு பின்னவளையே சுட்டுவது கவனத்திற்குரியது. படைத்தலைவன் வீரமோகனாக எம்.ஜி.ஆர். இருந்தும், எஸ்.ஏ. நடராஜன் ஏற்ற கொள்ளைக்காரன் பார்த்திபனின் முடிவு நாயகனின் வாளால் நேர்வதில்லை. எம்.ஜி.ஆரின் பிற்காலப் படங்களில் எண்ணிப் பார்க்கவே இயலாத ஏற்பாடு இது.

திருச்சி லோகநாதனும் ஜிக்கியும் ஜி. ராமநாதன் இசையில் பாடிய பாடலின் வழியே கணவனும் மனைவியும் மலையேறுகின்றனர். கேட்பதற்கு அது காதற்பாட்டு; ஆனால் அவன் நெஞ்சில் கொலை. இன்பப் பயணத்தின் மொழியே வன்முறையின் போர்வையாகும் என்பதை இவ்வளவு எளிதாகக் காட்டிய தமிழ்ப்படம் அதற்கு முன் இருந்ததாகத் தோன்றவில்லை. அவள் கையாளும் கருவியும் அதற்கு இணையானதே. வலம்வருதல் பதிவிரதையின் வழிபாடு. கணவன் ஐயமின்றி இசைவதற்குக் காரணம் அவ்வழிபாட்டின் மேல் அவனுக்குள்ள நம்பிக்கை. கற்புநெறி கற்பித்த சடங்கே அந்நெறியின் ஆண் உரிமையாளனை வீழ்த்துகிறது.

எனினும் இதனைப் பெண் விடுதலையின் வெற்றி என்று உடனே கொள்வது மிகை. மாண்டவன் கணவன் மட்டுமல்லன், எம்.என். நம்பியார் நடித்த இராசகுருவின் மகன். திராவிட இயக்கம் சமய அதிகாரத்தை எதிர்த்து நின்ற காலத்தில் இக்கொலை அரசியல் நீதியாகப் படிக்கப்பட்டது. அதனாலேயே கணவனைக் கொன்றவளை அவையோர் ஏற்றனர் என்று கருத இடமுண்டு. இராசகுருவின் மகனாக இல்லாத ஒரு கணவனைத் தள்ளியிருந்தால் அதே கைத்தட்டல் கிடைத்திருக்குமா என்பது ஐயமே. மேலும், பௌத்த மரபின் பத்திரை பிறகு துறவியாகி, நாவற்கிளை நட்டு ஆடவரை வாதுக்கு அழைத்தவள். கையால் செயற்பட்ட பெண்ணைத் திரை எடுத்துக்கொண்டது. நாவால் வாதிட்டவளை விட்டுவிட்டது.

பாலியல் விழைவைக் காட்டுவதில் அந்நிறுவனம் அதே ஆண்டில் மற்றொரு சோதனையும் செய்தது. பாரதிதாசனின் எதிர்பாராத முத்தத்தைத் தழுவி டங்கன் இயக்கிய பொன்முடியில் மாதுரிதேவியும் பி.வி. நரசிம்ம பாரதியும் நெருங்கி நடித்த காதற்காட்சிகள் கண்டனத்துக்குள்ளாயின. விழைவில் பெண்ணும் சமபங்கு கொண்டதே உறுத்தியிருக்க வேண்டும். ஏனெனில் மூன்றாண்டுகள் கழித்துத் திரும்பிப்பார் (1953) படத்தில் சிவாஜி கணேசன் பெண்பித்தனாகவே வந்தார். அவ்விழைவு நடிப்பாற்றலாகப் புகழப்பட்டது. அவனைத் திருத்தும் பொறுப்பு பண்டரிபாய் ஏற்ற தமக்கையின் தலையில் விழுகிறது. உனக்குப் பெண்தானே வேண்டும், நானும் பெண்தான் என்ற கருத்தில் அவள் தன்னையே முன்னிறுத்தித் தம்பியை நாணச் செய்கிறாள். ஆணின் குற்றத்துக்குப் பெண்ணின் அவமானம் விலையாகிறது.

அலிபாபாவும் 40 திருடர்களும் (1956) முழுநீள வண்ணப்படமாகத் தமிழில் முதலாவது. அரபுக் கதையில் திருடர்களின் சூழ்ச்சியை முறியடிப்பவள் அடிமைப்பெண் மார்ஜியானா. அலிபாபா வயதில் மூத்த விறகுவெட்டி. படம் அலிபாபாவை இளைஞனாக்கி எம்.ஜி.ஆருக்குத் தந்தது, பி. பானுமதியின் மார்ஜியானாவை அவனுடைய காதலியாக்கியது. பானுமதியின் ஆளுமையால் பாத்திரம் மங்கவில்லை என்பது உண்மை. ஆயினும் தன்னறிவால் ஒரு வீட்டையே காத்தவளின் கூர்மை இங்கே நாயகன்மேல் கொண்ட அன்பின் கிளையாகிவிடுகிறது.

நிறுவனத்தின் படத்தலைப்புகளே இப்போக்கைச் சொல்லும். சதி அகல்யா, மனோன்மணி (1942), பர்மா ராணி (1945), மந்திரி குமாரி எனத் தொடக்கக் காலத்தில் பெண் பெயர்கள் அடிக்கடி வந்தன. உத்தம புத்திரன் (1940) போன்றவை இடையே இருந்தன என்பதும் உண்மை. சுந்தரத்தின் மறைவுக்குப் பின் வந்தவை வல்லவனுக்கு வல்லவன் (1965), வல்லவன் ஒருவன் (1966), இரு வல்லவர்கள் (1966), சி.ஐ.டி. சங்கர் (1970). இத்துப்பறியும் படங்களில் பெண் பெரும்பாலும் விடுதி மேடையில் ஆடுகிறாள், கடத்தப்படுகிறாள், அல்லது இறுதியில் நாயகனுக்குப் பரிசாகக் கிடைக்கிறாள்.