கோல்வில் விலங்கு நாணயங்கள் (பெருநாணயப் பதிப்பு)

கனடாக் கூட்டாட்சியின் நூற்றாண்டான 1967இல் ஓவியர் அலெக்ஸ் கோல்வில் (1920–2013) வரைந்த விலங்குருவங்களை, 2017இல் ராயல் கனடிய நாணயச்சாலை 5 அவுன்ஸ் (சுமார் 155 கிராம்) தூய வெள்ளியில் பெரிதாக்கி வெளியிட்ட தொகுதி. மூல நாணயங்கள் ஆறு: ஒரு சென்டில் மாடப்புறா, 5இல் முயல், 10இல் கானாங்கெளுத்தி வகை மீன், 25இல் காட்டுப்பூனை, 50இல் ஊளையிடும் ஓநாய், ஒரு டாலரில் கனடா வாத்து. 1967க்கு மறு ஆண்டே பழைய உருவங்கள் திரும்பிவிட்டன.

சின்னங்களும் மாலைகளும் இல்லாமல் விலங்கை மட்டும் வெற்றுப் பரப்பில் நிறுத்தியதே கோல்விலின் துணிச்சல். வானை நோக்கிக் கழுத்தை நிமிர்த்தி ஊளையிடும் ஓநாய்தான் ஆறிலும் சிறந்தது. உருவம் பெரிதாகும்போது அதன் தனிமையும் பெரிதாகிறது. புறாவுக்கு அந்த ஆதாயம் குறைவு. 19 மி.மீ. செம்புக் காசில் கச்சிதமாக இருந்த பறவை, உள்ளங்கையை அடைக்கும் வெள்ளி வட்டில் சற்றே திகைத்து நிற்கிறது.

இவை கடைவீதியில் புழங்கும் காசுகள் அல்ல. வெளியீட்டின்போது விற்பனை விலை உலோக மதிப்பைவிட வெகு அதிகமாக இருந்தது. மறுவிற்பனையில் அந்த மிகை நிலைக்கும் என்ற உறுதியில்லை, வெள்ளியின் விலை மட்டுமே அடித்தளம். மென்மையான தூய வெள்ளி எளிதில் கீறும், விரல்ரேகை படிந்தால் கறை தங்கும். ஆகவே உறையிலிருந்து எடுக்காமலே வைப்பது வழக்கம். துடைத்துப் பளபளப்பாக்கினால் மதிப்பு இறங்கும். 1967ஆம் ஆண்டின் அசல் சில்லறைகளோ ஏராளமாக அச்சானவை, இன்றும் எளிதாகக் கிடைக்கின்றன.