கார்ட்டூமில் நடக்காத ஓர் ஆட்டம்

ஆப்பிரிக்க நாடுகள் கோப்பை 1957 பிப்ரவரியில் சூடான் தலைநகர் கார்ட்டூமில் தொடங்கியபோது களமிறங்கிய அணிகள் மூன்று. நடந்த ஆட்டங்கள் இரண்டே. இதற்குக் கண்டத்தின் பெயரா என்று அன்று யாரேனும் முகம் சுளித்திருந்தால் குறை சொல்ல முடியாது. ஆனால் கண்டத்தின் பெரும்பகுதி அப்போது ஐரோப்பியர் பிடியில் இருந்தது. சூடான் விடுதலை பெற்று ஓராண்டுதான் ஆகியிருந்தது. கானாவுக்கு அதுவும் வாய்க்கவில்லை. அடுத்த மாதம்தான் அங்கே கொடி மாறியது.

1956 ஜூனில் லிஸ்பனில் கூடிய ஃபிஃபா மாநாட்டில் ஆப்பிரிக்க நாடுகள் சிலவற்றின் பிரதிநிதிகள் தங்களுக்கென ஒரு கூட்டமைப்பு வேண்டும் என்று பேசிக்கொண்டார்கள். இடையில் சூயஸ் போர் மூண்டு எகிப்தின் மீது குண்டுகள் விழுந்தன. ஆனாலும் 1957 பிப்ரவரி 8 அன்று கார்ட்டூமில் எகிப்து, சூடான், எத்தியோப்பியா, தென்னாப்பிரிக்கா ஆகிய நான்கு நாடுகளோடு கூட்டமைப்பு பிறந்துவிட்டது. மறுநாள் விட்டு மறுநாளே முதல் ஆட்டம்! முதல் தலைவரான எகிப்தியர் அப்துல் அஜீஸ் சலீம் பெயரிலேயே கோப்பையும் அமைந்தது.

நான்கு அணிகள் என்றால் இரண்டு அரையிறுதிகள். முதலாவதில் எகிப்து 2-1 என்று சூடானை வென்றது. போட்டித்தொடரின் முதல் கோலைப் பெனால்டியில் அடித்தவர் ராஃபத் அத்தியா. இரண்டாவது, எத்தியோப்பியாவும் தென்னாப்பிரிக்காவும் மோதவேண்டிய ஆட்டம். அதுதான் நடக்கவில்லை. தென்னாப்பிரிக்கா வெள்ளையர் மட்டுமே கொண்ட அணியை அனுப்பும், இல்லாவிட்டால் கறுப்பர் மட்டுமே கொண்ட அணியை அனுப்பும். இருவரையும் ஒரே சீருடையில் இறக்காது. மற்ற மூவரும் அதை ஏற்கவில்லை. தென்னாப்பிரிக்கா நீக்கப்பட்டதா, தானே ஒதுங்கியதா என்பதில் வரலாற்றாசிரியர்களிடையே வழக்கு தீரவில்லை. எப்படியாயினும் கலப்பு அணி வரவில்லை, ஆட்டமும் இல்லை.

பந்தைத் தொடாமலே இறுதிக்கு வந்த எத்தியோப்பியாவை எகிப்து 4-0 என்று சாய்த்தது. நான்கு கோலையும் அடித்தவர் அத்-திபா ஒருவரே. ஆட்டக் கணக்கு இவ்வளவுதான். என் பார்வையில், அந்த நடக்காத அரையிறுதிதான் இக்கோப்பையின் குணத்தைத் தீர்மானித்தது. ஃபிஃபா தென்னாப்பிரிக்காவை இடைநீக்கம் செய்ய 1961 ஆனது. 1963இல் அதைத் தளர்த்திவிட்டு, 1964இல் ஆப்பிரிக்க நாடுகளின் நெருக்குதலால் மறுபடியும் விதித்தது. பணமோ பலமோ இல்லாத புதுச் சங்கம் ஒன்று முதல் நாளிலேயே எடுத்த நிலைக்கு, உலக அமைப்பு இத்தனை தடுமாறி வந்து சேர்ந்தது.

1959இல் கெய்ரோவில் அதே மூன்று அணிகள். எகிப்தே மீண்டும் வென்றது. ருசியான கதை 1962இல் அடிஸ் அபாபாவில். எகிப்து இருமுறை முந்தியது, எத்தியோப்பியா இருமுறையும் சமன் செய்தது. கூடுதல் நேரத்தில் மேலும் இரண்டு கோல், எத்தியோப்பியாவுக்கு 4-2 வெற்றி. பேரரசர் ஹைலே செலாசி கையிலிருந்து கோப்பையை வாங்கிய கேப்டன் லுச்சியானோ வசாலோ, எரித்திரியத் தாய்க்கும் இத்தாலியத் தந்தைக்கும் பிறந்தவர். அவர் தம்பி இத்தாலோவும் அன்று கோல் அடித்தார். எத்தியோப்பியாவை இத்தாலி ஆக்கிரமித்த காலம் அப்போது பழங்கதை ஆகியிருக்கவில்லை.

அடுத்த இரண்டு கோப்பைகளும் கானாவுக்கு. புது நாட்டின் முகமாகவே அதன் அதிபர் குவாமே நிக்ருமா கால்பந்தை நினைத்தார். ஆப்பிரிக்கக் கால்பந்தின் செல்வாக்கு கூடக்கூட அதன் குரலும் உயர்ந்தது. 1966 உலகக் கோப்பைக்கு ஆப்பிரிக்காவுக்குத் தனி இடம் கிடையாது. அங்கே முதலில் வருபவர் ஆசியப் பிரிவில் வென்றவரோடும் மோதி ஜெயிக்க வேண்டும் என்றது ஃபிஃபா. ஆப்பிரிக்க நாடுகள் ஒட்டுமொத்தமாகத் தகுதிச் சுற்றைப் புறக்கணித்தன. அடுத்த உலகக் கோப்பைக்கு ஆப்பிரிக்காவுக்கென்று ஓர் இடம் ஒதுக்கப்பட்டது. 1970இல் மெக்சிகோவுக்கு அந்த இடத்தில் போனது மொராக்கோ.