காமா குளோபுலின் இல்லாத சிறுவன்

பிறவியிலேயே நோய் எதிர்ப்பாற்றல் குன்றிய குழந்தைகளை மருத்துவம் தனியே இனங்காண்பதற்குப் பெனிசிலின் வரவேண்டியிருந்தது. அதற்கு முன் அக்குழந்தைகளில் பலர் முதல் நிமோனியாவிலோ மூளைக்காய்ச்சலிலோ இறந்துபோனதால், தொற்றுநோயால் மடிந்த ஏனைய குழந்தைகளிடமிருந்து அவர்களைப் பிரித்தறிய வழியிருக்கவில்லை. இரண்டாம் உலகப் போருக்குப் பின் அம்மருந்து பரவலானபோதுதான், ஒவ்வொரு தொற்றிலிருந்தும் மீண்டு சில வாரங்களிலேயே மறுபடியும் காய்ச்சலோடு மருத்துவமனைக்கு வரும் குழந்தைகள் கண்ணில் படத் தொடங்கினர்.

வாஷிங்டன் வால்டர் ரீட் இராணுவ மருத்துவமனையில் குழந்தை மருத்துவராக இருந்த கர்னல் ஆக்டன் புரூட்டன், 1952-இல் வெளியிட்ட கட்டுரையில் அத்தகைய எட்டு வயதுச் சிறுவன் ஒருவனைப் பற்றி எழுதினார். நான்கு ஆண்டுகளில் அவனுக்கு 19 முறை கிருமி இரத்தத்தில் பரவும் கடுந்தொற்று ஏற்பட்டிருந்தது. அவற்றில் 10 முறை இரத்தப் பரிசோதனையில் நிமோகாக்கஸ் என்னும் நிமோனியாக் கிருமி அகப்பட்டது. அக்கிருமிக்கு எதிரான தடுப்பூசி போட்டும், கிருமியைப் பற்றிக்கொண்டு அழிவுக்கு உள்ளாக்கும் புரதமாகிய எதிர்ப்பொருள் அவன் உடலில் உருவாகவில்லை. இரத்தத்தின் நீர்ப்பகுதியான சீரத்தில் மின்சாரத்தைச் செலுத்தி, நகரும் வேகத்தைக் கொண்டு புரதங்களைப் பிரிக்கும் எலக்ட்ரோபோரசிஸ் கருவியில் அவனது சீரத்தைச் சோதித்தபோது விடை கிடைத்தது. வரைபடத்தில் ஆல்புமினின் உயர்ந்த முகடும், அதையடுத்த ஆல்பா, பீட்டா மேடுகளும் அவற்றுக்குரிய இடத்தில் இருக்க, எதிர்ப்பொருள்கள் அடங்கிய காமா குளோபுலினுக்குரிய மேடு மட்டும் எழவே இல்லை.

நோயைக் கண்டறிந்த கையோடு மருந்தும் கிடைத்தது இவ்வரலாற்றின் அரிய பேறு. போரில் காயமுற்ற வீரர்களுக்கு ஆல்புமின் தேவைப்பட்டதால், ஹார்வர்டில் எட்வின் கோன் தலைமையில் மனித இரத்தப் பிளாஸ்மாவைப் பகுதி பகுதியாகப் பிரிக்கும் முறை உருவாக்கப்பட்டிருந்தது. காமா குளோபுலினும் அதன்வழி தனியே கிடைத்தது. புரூட்டன் அதனை மாதந்தோறும் சிறுவனின் தோலுக்கடியில் செலுத்தினார். அதன்பின் 14 மாதங்கள் அவனை அந்தக் கடுந்தொற்று அணுகவில்லை. செலுத்தப்பட்ட எதிர்ப்பொருளில் பாதி ஏறத்தாழ மூன்று வாரங்களில் சிதைந்துவிடுவதால் இச்சிகிச்சை வாழ்நாள் முழுவதும் தொடர வேண்டியதாயிற்று.

ஆயினும் எல்லாக் குழந்தைகளுக்கும் இம்மருந்து போதவில்லை. சுவிட்சர்லாந்தின் பெர்ன் நகரில் கிளான்ஸ்மன், ரினிக்கர் ஆகிய இருவரும் 1950-இல் விவரித்த கைக்குழந்தைகளின் இரத்தத்தில், லிம்போசைட் எனப்படும் வெள்ளணு வகையே மிகவும் அருகியிருந்தது. இத்தகைய குழந்தைகளைக் காமா குளோபுலினால் மட்டும் காப்பாற்ற முடியாதென்பது பின்னர் தெரியவந்தது. இவ்வேறுபாட்டின் காரணம் துலங்கக் கோழிகள் துணைபுரிந்தன. பறவைகளின் எச்சத்துவாரத்தருகே உள்ள ஃபேப்ரிசியஸ் பை என்னும் சிறு உறுப்பை அகற்றிய கோழிகளில் எதிர்ப்பொருள் உருவாவதில்லை என்பதை ஒஹாயோ மாநிலப் பல்கலைக்கழகத்தில் புரூஸ் கிளிக்கும் அவர் நண்பரும் கண்டறிந்தனர். 1956-இல் கோழியியல் இதழ் ஒன்றில் வெளியான அக்கட்டுரையை மருத்துவ உலகம் பல ஆண்டுகள் பொருட்படுத்தவில்லை. அறிவுத்துறைகள் ஒன்றையொன்று எட்டிப்பார்க்காததால் நேர்ந்த இத்தாமதம் வருந்தத்தக்கது. மின்னசோட்டாவில் மேக்ஸ் கூப்பரும் ராபர்ட் குட்டும் 1965-இல் செய்த சோதனைகளே இதைத் தெளிவாக்கின: அப்பையை இழந்து கதிர்வீச்சுக்கும் உட்பட்ட குஞ்சுகள் புரூட்டனின் சிறுவனைப்போல் எதிர்ப்பொருள் அற்றவையாயின, மார்பிலுள்ள தைமஸ் சுரப்பியோடு தொடர்புடைய மற்றொரு பாதுகாப்பு அவற்றில் சிதையாமல் இருந்தது. பெர்ன் குழந்தைகளிடம் இவ்விரு பாதுகாப்பும் குன்றியிருந்தன. அவர்களைப் போன்றோருக்கு வேண்டியது புரதம் அன்று, அதை உருவாக்கும் அணுக்களே என்பதால், 1968-இல் குட் குழுவினர் உடன்பிறந்தவரின் எலும்பு மஜ்ஜையைச் செலுத்தி ஓர் ஆண் குழந்தையைக் காப்பாற்றினர்.

புரூட்டன் விவரித்த நோய்க்குக் காரணமான மரபணுவை 1993-இல் இரு ஆய்வுக் குழுக்கள் தனித்தனியே கண்டறிந்தன; பின்னர் அதற்கு அவர் பெயரே சூட்டப்பட்டது. எக்ஸ் நிறப்புரியிலுள்ள இந்த மரபணு பழுதுபட்டால், எதிர்ப்பொருளைச் சுரக்க வேண்டிய அணுக்கள் எலும்பு மஜ்ஜையிலேயே முதிர்ச்சியடையாமல் நின்றுவிடுகின்றன. பழுதைத் தாங்கும் தாய் பொதுவாக நோயற்றவளாக இருக்க, அவள் பெறும் ஆண் குழந்தைகளுக்கே நோய் வருகிறது. குடும்பத்தில் ஒரு சிறுவனுக்கு நோய் உறுதியானபின் அடுத்துப் பிறக்கும் தம்பியைப் பிறந்தவுடன் சோதித்து, முதல் நிமோனியா வருமுன்னரே சிகிச்சையைத் தொடங்க இக்கண்டுபிடிப்பு வழிசெய்தது.